கலர் மீன் பற்றிப் பேசக் கூப்பிட்டால் எதைப் பேசுவது?

கேள்வி இதுதான்: சென்னையில் மொட்டை மாடியில் பல வருஷமாகக் கப்பியும் ஃபைட்டரும் வளர்த்துக் குஞ்சு எடுத்து விற்கிறார் ஒருவர். பக்கத்துக் கல்லூரியின் விலங்கியல் துறை அவரைப் பேச அழைத்திருக்கிறது. தலைப்பு 'வெப்பமண்டல அலங்கார மீன்கள்: வளர்ப்பும் இனப்பெருக்கமும்'. பேச 40 நிமிடம். அதையே பிறகு ஆண்டு மலருக்குக் கட்டுரையாகவும் தர வேண்டும். மாணவர்களோடு சுய உதவிக்குழுப் பெண்களும் வருவார்களாம். எங்கிருந்து ஆரம்பிப்பது, எதை விடுவது என்று கேட்கிறார்.

அழைப்பிதழில் அந்தத் தலைப்பு இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் அதை அப்படியே எடுத்துக்கொண்டு குறிப்பெழுத உட்கார்ந்தால் தொலைந்தீர்கள். டெட்ராவுக்கு ஐந்து நிமிடம், சிக்லிடுக்கு ஐந்து, நோய்க்கு ஐந்து, தீவனத்துக்கு ஐந்து என்று பங்குபோட்டுப் பேசுவதைப் பல கூட்டங்களில் கேட்டிருக்கிறேன். பின்வரிசை தூங்கும், முன்வரிசை போனைப் பார்க்கும். அந்தத் தகவலெல்லாம் தேடினால் யாருக்கும் கிடைக்கும். ஒரே மீனை உங்கள் ஊர்த் தண்ணீரில் முட்டையிலிருந்து விற்பனை வரை கொண்டுவந்து பழகிய கை உங்களுக்குத்தான் இருக்கிறது. ஒரு மீன், ஒரு ஊரின் தண்ணீர். மற்றதெல்லாம் அந்த இரண்டையும் தொட்டுக்கொண்டு வந்தால் போதும்.

உரைக்கு ஃபைட்டரை எடுங்கள், கட்டுரைக்குக் கப்பியை. ஃபைட்டர் செய்வதெல்லாம் கண்ணெதிரே நடக்கும். ஆண் குமிழி விட்டுக் கூடு கட்டும், செவுள் மூடியை விரித்துக்கொண்டு கண்ணாடியைப் பார்த்துச் சீறும். கப்பியின் சுவாரசியம் மரபியலில் இருக்கிறது. அதை மேடையில் விளக்கப் போனால் நேரம் ஓடிவிடும். எழுத்தில் நிதானமாகச் சொல்லலாம்.

உரைக்கு இன்னும் பத்து வாரமாவது இருக்கிறதா? இருந்தால் இன்றைக்கே ஒரு ஜோடியைச் சேர்த்துவிடுங்கள். ஸ்லைடு செய்வதைக் கடைசி வாரத்தில் பார்த்துக்கொள்ளலாம். ஆறு வாரம் கழித்து இன்னொரு ஜோடி, உரைக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் முன்னால் மூன்றாவது ஜோடி. அன்றைக்கு மேசைமேல் வரிசையாக இருக்க வேண்டியவை இவை: கூடு கட்டிய தனி ஆண் (மனசு வைத்தால் பெண் இல்லாமலே கட்டிவிடும்), ஊசிமுனை மாதிரி நீந்தும் ஒரு வாரக் குஞ்சு, நாலு வாரக் குஞ்சு, நிறம் ஏறிச் சண்டை தொடங்கிய இரண்டு மாத இளம் ஆண்கள் தனித்தனிப் பாட்டிலில். இந்த வரிசையைப் பார்த்தபடியே பேசிக்கொண்டு போகலாம். ஸ்லைடு நாலைந்துக்கு மேல் தேவைப்படாது. கொண்டுபோவதற்கு முந்தின நாள் பெரிய மீன்களுக்குத் தீனி போடாதீர்கள். வழியில் கழிவு குறையும், தண்ணீர் கெடாது.

இனி பேச வேண்டியது. பழகப் பழக நமக்குச் சாதாரணமாகிவிட்ட விஷயங்களைத்தான் வந்தவர்கள் வாய்பிளந்து கேட்பார்கள். ஜோடி சேர்க்குமுன் இரண்டுக்கும் ஒன்றிரண்டு வாரம் உயிர்த்தீனி கொடுத்துத் தேற்றுவது, தொட்டியில் அரை அடிக்கும் குறைவாகத் தண்ணீர் விடுவது, பாதாம் இலை ஒன்றைப் போட்டுவைப்பது, பெண்ணை முதலில் கண்ணாடிக் குவளைக்குள் வைத்து ஆணுக்குக் காட்டுவது ஆகியவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். நிறுத்திச் சொல்ல வேண்டிய இடம் முட்டையிட்ட பிறகு வருகிறது. ஆண் வளைந்து பெண்ணைச் சுற்றிக்கொள்ளும். வெள்ளை முட்டைகள் கீழே உதிரும். ஆண் அவற்றை ஒவ்வொன்றாக வாயில் பொறுக்கிக் கூட்டில் ஒட்டும். வேலை முடிந்ததும் பெண்ணை எடுத்துவிடவில்லை என்றால் அடித்துக் கிழித்துவிடும். ஒன்றரை நாள், இரண்டு நாளில் பொரியும். பொரித்த குஞ்சு நீந்தத் தெரியாமல் வால் கீழே தொங்க, கூட்டின் அடியில் செங்குத்தாக நிற்கும். ஒன்று நழுவி விழும். அப்பன் பாய்ந்து பிடித்து வாயில் வைத்துக்கொள்ளும். இன்னொன்று விழும், அதையும் பிடிக்கும். பிறகு மேலே போய் இரண்டையும் குமிழிக்குள் துப்பும். இரண்டு மூன்று நாள் ராப்பகலாக இதே வேலைதான். இதை உங்கள் போனில் வீடியோ எடுத்துவைத்திருந்தால் ஒரு நிமிடம் ஓட விடுங்கள், நீங்கள் எதுவும் பேசாமல். குஞ்சு படுக்கைவாட்டில் நீந்த ஆரம்பித்ததும் அப்பனையும் எடுத்துவிட வேண்டும்.

அதற்குப் பிறகுதான் குஞ்சு சாகும் கட்டம். உங்கள் அனுபவத்துக்கு மதிப்பு இங்கேதான். முதல் சில நாளுக்கு அதன் வாய்க்கு ஆர்ட்டீமியா (உப்புநீரில் வாழும் குட்டி இறால் வகை) குஞ்சுகூடப் பெரியது; அந்தக் குஞ்சே அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும். வாழைப்பழத் தோலையோ முட்டைக்கோஸ் இலையையோ ஊறவைத்து எடுக்கும் இன்ஃபுசோரியா என்ற நுண்ணுயிர்க் கூட்டம்தான் முதல் தீனி. விலங்கியல் துறையில் மைக்ராஸ்கோப் இல்லாமலா இருக்கும்? முன்கூட்டியே சொல்லி இரண்டு வைக்கச் சொல்லுங்கள். ஒன்றில் உங்கள் இன்ஃபுசோரியா பாட்டிலிலிருந்து ஒரு சொட்டு, இன்னொன்றில் ஆர்ட்டீமியா. முந்தின நாள் காலையில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 25 முதல் 30 கிராம் கல்லுப்பு போட்டு, ஏர் பம்பைப் பலமாக ஓடவிட்டு ஆர்ட்டீமியா முட்டையைப் போட்டால் நம் ஊர் வெப்பத்தில் 24 மணி நேரத்தில் பொரிந்துவிடும். மேடையில் விளக்கை அணைத்து, பாட்டிலின் ஒரு பக்கம் டார்ச் அடியுங்கள். ஆரஞ்சு நிறத்தில் ஒரு மேகம் வெளிச்சத்தை நோக்கி நகரும். தினமும் நாம் பைப் வைத்து உறிஞ்சியெடுக்கும் அதே காட்சிதான், ஆனால் முதன்முதல் பார்க்கிறவர்கள் எழுந்து வருவார்கள்.

நாலு வாரக் குஞ்சுப் பாட்டிலைக் காட்டும்போது லேபிரிந்த் உறுப்பைச் சொல்லுங்கள். ஃபைட்டர் மேலே வந்து காற்றைக் குடிப்பது அந்த உறுப்பால். குஞ்சுக்கு அது மூன்று நாலு வாரத்தில்தான் உருவாகும். அந்தச் சமயத்தில் தொட்டியை மூடிவைத்து, தண்ணீருக்கு மேலிருக்கும் காற்றும் கதகதப்பாக இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த மீன் தாய்லாந்தின் வயல், வாய்க்கால், சதுப்புகளில் வாழ்ந்தது, தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்தாலும் மேலேயிருந்து குடித்துக்கொள்ளும் என்பதையும் இதோடு சேர்த்துவிடலாம். 2019-ல் தாய்லாந்து அரசு இதைத் தேசிய நீர்வாழ் விலங்காக அறிவித்தது. ஆனால் காற்றைக் குடிக்கும் என்பதற்காகக் கால் லிட்டர் டம்ளரில் வாழ்நாள் முழுக்க வைக்கலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ளாதபடி சொல்லுங்கள். மூச்சுக்குக் காற்று கிடைத்தாலும் கழிவு அதே தண்ணீரில்தானே சேர்கிறது?

அங்கிருந்து தண்ணீருக்குப் போய்விடலாம். இங்கே ஒரு தந்திரம்: அம்மோனியா டெஸ்ட் கிட்டில் நிறம் முழுசாக வர ஐந்து நிமிடம்போல ஆகும். ஒரு குழாயில் நாலு நாள் தண்ணீர் மாற்றாத பாட்டிலின் தண்ணீர், இன்னொன்றில் ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஓடும் தொட்டியின் தண்ணீர். இரண்டிலும் மருந்தைச் சொட்டி, முன்வரிசையில் இருக்கும் ஒரு பெண்ணிடம் கொடுத்துவிட்டுப் பேசிக்கொண்டே இருங்கள். ஃபில்டர் தொட்டித் தண்ணீர் மஞ்சளாகவே நிற்கும், பாட்டில் தண்ணீர் பச்சையாக மாறும். மஞ்சளுக்கும் பச்சைக்கும் நடுவில் நீங்கள் சொல்ல வேண்டியது நைட்ரஜன் சுழற்சி. மீன் கழிவிலிருந்து அம்மோனியா, ஃபில்டரில் குடியிருக்கும் ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கும், இன்னொன்று நைட்ரேட்டாக்கும், நைட்ரேட்டை நாம் தண்ணீர் மாற்றி வெளியேற்றுகிறோம். புதுத் தொட்டியில் இந்தப் பாக்டீரியா நிலைபெற நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். வாங்கிய மீன் முதல் வாரத்திலேயே சாவதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். கடைக்காரர் ஏமாற்றினார் என்று நினைத்துக்கொண்டிருந்த பாதிப் பேருக்கு அன்றைக்கு விஷயம் புரியும்.

மாணவர்களுக்காக ஒரு படி மேலே போகலாம். தண்ணீரில் இருக்கும் மொத்த அம்மோனியாவில் மீனைக் கொல்வது அயனியாகாத பங்குதான். அந்தப் பங்கு பி.எச்-ஐயும் (தண்ணீரின் அமில, காரத்தன்மையைக் காட்டும் அளவு) வெப்பத்தையும் பொறுத்தது. 25 டிகிரியில் பி.எச் 7 என்றால் அது நூற்றில் ஒன்றுகூட இல்லை, ஏறக்குறைய 0.6 சதவீதம். பி.எச் 8-ல் 5 சதவீதத்தைத் தாண்டும். 9-ல் 36 சதவீதம். கிட்டில் காட்டும் நிறம் மூன்றிலும் ஒன்றேதான்! சென்னையில் பல இடங்களில் போர் தண்ணீர் கடினமானது, பி.எச் 8-ஐ ஒட்டி நிற்பது. அதனால் வெளிநாட்டுப் புத்தகத்தில் 'இந்த அளவு பரவாயில்லை' என்று எழுதியிருப்பது நம் மாடியில் ஆபத்தாகிவிடலாம். உரைக்கு முன்னால் உங்கள் வீட்டுத் தண்ணீர், கல்லூரித் தண்ணீர், ஆர்.ஓ. தண்ணீர் மூன்றுக்கும் பி.எச், டி.டி.எஸ். (கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) பார்த்து எழுதிக்கொண்டு போங்கள். மூன்றையும் பலகையில் எழுதினால் கூட்டம் சட்டென்று நிமிர்ந்து உட்காரும். ஏனென்றால் அது அவர்கள் குடிக்கிற தண்ணீர்.

இங்கிலீஷ் புத்தகம் எல்லாம் ஹீட்டரில் ஆரம்பிக்கும். அந்த அத்தியாயத்தை ஊட்டி, கொடைக்கானல்காரர்களுக்கு விட்டுவிடுங்கள். நம் பிரச்சினை நேர்மாறு. தண்ணீர் 25 டிகிரியில் லிட்டருக்கு 8.3 மில்லிகிராம்போல ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும், 30 டிகிரியில் 7.5-தான். மே மாதம் மத்தியானம் மின்சாரம் போய் ஏர் பம்ப் நின்றால் என்ன ஆகும் என்பதை நீங்கள் விளக்க வேண்டியதில்லை, பாதிப் பேர் பார்த்திருப்பார்கள். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரை ஒரு ராத்திரி காற்று விட்டுவைத்தால் போதும் என்பது சரி. குளோரமின் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த கிருமிநாசினி) கலந்திருந்தால் அது அப்படிப் போகாது என்பதையும் ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள்.

வரலாறு வேண்டுமென்றால் இரண்டு நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். லண்டன் விலங்குக்காட்சி சாலையில் மீன் மாளிகை திறந்தது 1853. பாரிஸில் கார்போனியே என்பவர் கிழக்காசியாவின் பாரடைஸ் மீனை 1869-ல் வரவழைத்துக் குஞ்சு பொரிக்க வைத்தார். அதுவும் ஃபைட்டர் மாதிரியே குமிழிக்கூடு கட்டும் மீன் என்பதால் உங்கள் கதையோடு ஒட்டிக்கொள்ளும். நம் பக்கம், மெட்ராஸ் மெரினாவில் 1909-ல் மக்களுக்குத் திறந்த மீன்காட்சி சாலை. பிறகு கொளத்தூர். நாட்டின் பெரிய கலர் மீன் வியாபார மையங்களில் ஒன்று உங்கள் ஊரிலேயே இருக்கிறது என்பதைச் சொல்லாமல் இறங்கிவிடாதீர்கள்.

சுய உதவிக்குழுப் பெண்கள் கேட்கப்போகும் முதல் கேள்வி, 'இதில் எவ்வளவு வரும்?' என்பதுதான். லட்சத்தில் பேசுகிறவர்கள் நிறைய. நீங்கள் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். ஒரு ஜோடியில் 150 குஞ்சு தேறியது என்று வைத்துக்கொள்வோம். பாதி ஆண் என்றால் 75. விலை போவது பெரும்பாலும் ஆண்தான், ஆனால் இரண்டு மூன்று மாதத்தில் 75-ஐயும் தனித்தனிப் பாட்டிலில் பிரிக்க வேண்டும். பாட்டிலுக்கு ஒரு நிமிடம் என்றாலும் ஒரு தடவை தண்ணீர் மாற்ற ஒன்றேகால் மணி நேரம். நாலு ஜோடி வைத்தால் ஐந்து மணி நேரம். இந்தத் தொழிலில் செலவு மீனில் இல்லை, இந்த மணிநேரங்களில் இருக்கிறது. அதனால் புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு நான் ஃபைட்டரைச் சொல்ல மாட்டேன். சிமெண்ட் தொட்டியில் கூட்டமாக வளரும் கப்பி, மோலி, பிளாட்டிதான் சரி. உதவித்தொகை பற்றியும் கேட்பார்கள். 2020-ல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா யோஜனாவில் அலங்கார மீன் வளர்ப்புக்கு இடம் உண்டு. பொதுப்பிரிவுக்கு 40 சதவீதம், பெண்களுக்கும் பட்டியல் வகுப்பினருக்கும் 60 சதவீதம் மானியம் என்பது அதன் கணக்கு. இப்போதைய நிலவரத்தை மீன்வளத் துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேட்டுவிட்டு மேடையேறுங்கள்.

இன்னும் சில கேள்வி நிச்சயம் வரும். வாஸ்து மீன் வைக்கலாமா என்று ஒருவர் கேட்பார். வாஸ்து பற்றி உங்கள் கருத்தை விடுங்கள், அந்தப் பெயரில் கேட்கும் ஆசிய அரோவானா, அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கும் மீன், உரிய ஆவணம் இல்லாமல் வாங்கக் கூடாது என்று மட்டும் சொல்லுங்கள். நியான் டெட்ரா ஏன் குஞ்சு பொரிப்பதில்லை என்பார்கள். அமேசானின் மென்மையான, அமிலத்தன்மையுள்ள தண்ணீர் அதற்கு வேண்டும். நம் தண்ணீரில் பிழைத்துக் கிடக்கும், முட்டை தேறாது. மழைநீரைப் பிடித்துவைத்தோ ஆர்.ஓ. தண்ணீரைக் கலந்தோ முயல்கிறவர்கள் உண்டு. உள்ளூர் மீனே இல்லையா என்று ஒரு மாணவர் கேட்டால் கொண்டாடுங்கள். உலகம் முழுக்க ஆய்வுக்கூடங்களில் இருக்கும் ஜீப்ரா மீன் இந்தியத் துணைக்கண்டத்தின் வாய்க்கால் மீன், 1822-ல் ஹாமில்டன் கங்கைச் சமவெளி மீன்களோடு சேர்த்து விவரித்தது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மிஸ் கேரளா மீனோ, ஆற்றிலிருந்து அள்ளி அள்ளி விற்றதில் அருகிவரும் இனமாகிவிட்டது. தொட்டியில் குஞ்சு எடுக்கும் வித்தை இதுபோன்ற மீனுக்குத்தான் உண்மையில் தேவை.

கொசு ஒழிக்க ஏரியில் கப்பி விடலாமா என்ற கேள்விக்கு மழுப்பாமல் பதில் சொல்லுங்கள்: மூடிய கிணறு, தொட்டி சரி, ஏரி, குளம், ஆறு கூடாது. தொட்டி மீன் ஏரிக்குப் போனால் என்ன ஆகும் என்பதற்குச் சக்கரைக் காட்டுங்கள். 'டேங்க் கிளீனர்' என்று விரல் நீளத்தில் வாங்கும் சக்கர் மீன் ஓரடிக்கு மேல் வளர்ந்ததும் ஏரியில் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். முள்ளும் கவசமுமான உடம்பால் அது வலையைக் கிழிக்கிறது, கரையைக் குடைகிறது. மீனவர்களுக்கு அதை விற்கவும் முடியாது. இதற்கு ஒரு ஸ்லைடு ஒதுக்கலாம்.

கட்டுரைக்கு வருவோம். பேசியதை அப்படியே எழுத்தாக்கித் தராதீர்கள். கப்பியை எடுத்து, மரபியலில் ஊன்றி எழுதுங்கள். பெர்லினில் விலங்கியலாளர் பீட்டர்ஸ் இந்த மீனை 1859-ல் விவரித்தார். டிரினிடாடிலிருந்து கப்பி என்பவர் அனுப்பியதைப் புது இனம் என்று நினைத்து 1866-ல் லண்டனில் அவர் பெயரை வைத்தார்கள். பெயர் செல்லாமல் போனாலும் ஊர்வாயில் நின்றுவிட்டது. டென்மார்க்கின் யோஹான்னஸ் ஷ்மிட் 1920-ல், ஒரு புள்ளி அப்பனிடமிருந்து மகனுக்கு மட்டுமே போவதைக் கப்பியில் காட்டினார். இரண்டு வருஷத்தில் விங்கே அதை ஒய் குரோமோசோமோடு பொருத்தினார். ஜான் எண்ட்லர் 1980-ல் வெளியிட்ட சோதனைகளில், கொன்று தின்னும் மீன் இருக்கும் தண்ணீரில் ஆண் கப்பியின் நிறப்புள்ளிகள் சில தலைமுறையிலேயே குறைந்தன. இத்தனையும் நீங்கள் மாடியில் தினமும் செய்வதோடு நேரே பொருந்துகிறது. கொன்று தின்னும் மீன் தேர்வு செய்வதற்குப் பதில் மாடியில் நீங்கள் வலைக்கரண்டியோடு நின்று தேர்வு செய்கிறீர்கள், அவ்வளவுதான்.

அதில் உங்கள் கைவேலையாக ஒன்றை விரித்து எழுதலாம். பெண் கப்பி ஒருமுறை சேர்ந்ததும் விந்தைச் சேமித்துவைத்து மாதக்கணக்கில் குட்டி போடும், ஏறக்குறைய நாலு வாரத்துக்கு ஒருமுறை. கடையில் வாங்கிய பெண்ணோடு எந்த அழகான ஆணை விட்டாலும் முதல் சில ஈற்றில் யார் பிள்ளை வரும் என்று சொல்ல முடியாது. ரகம் சுத்தமாக வேண்டுமென்றால் குட்டிகளை மூன்று வாரத்துக்குள், ஆணின் குதத்துடுப்பு கூராகத் தொடங்குமுன்பே, பிரித்துவிட வேண்டும். இதை எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள், எந்த வெளிச்சத்தில் பார்க்கிறீர்கள், கை எப்படிப் பிடிக்கிறது என்று எழுதுங்கள். எந்தப் பேராசிரியரும் அந்த ஒரு பக்கத்தை எழுத முடியாது.

பழைய புத்தகத்திலிருந்து எடுக்கும் தகவலை மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். மீன்களின் அறிவியல் பெயர் மாறிக்கொண்டே இருக்கிறது. மிஸ் கேரளா இப்போது சஹ்யாத்ரியா, முன்பு பூண்டியஸ். ஃபிஷ்பேஸ் என்ற மீன் தகவல் இணையதளத்தில் ஒருமுறை தேடினால் தெரிந்துவிடும். ஃபில்டரில் நைட்ரைட்டை மாற்றுவது நைட்ரோபேக்டர் என்று எழுதியிருப்பதும் பழங்கணக்கு. மீன்தொட்டிகளில் அந்த வேலையைச் செய்வது நைட்ரோஸ்பைரா என்று 1990-களின் இறுதியிலேயே காட்டிவிட்டார்கள். அம்மோனியாவிலிருந்து நைட்ரேட் வரை ஒரே பாக்டீரியாவாக முடித்துவிடும் நைட்ரோஸ்பைராவும் உண்டு என்று 2015-ல் தெரிந்தது, அதில் ஒரு கண்டுபிடிப்பு மீன் வளர்ப்புத் தண்ணீரைச் சுத்தம் செய்யும் ஃபில்டரிலிருந்துதான் வந்தது. ஆண்டு மலர் படிக்கும் பேராசிரியர்கள் இந்த இடத்தில்தான் உங்களைச் சோதிப்பார்கள்.

படம் நீங்களே எடுங்கள். தொட்டிக்குப் பின்னால் கறுப்புச் சார்ட், மேலிருந்து வெளிச்சம், முன் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் போனை அதோடு ஒட்டிப் பிடித்தால் போதும்.

உரை முடிந்ததும் மேசையைச் சுற்றிக் கூட்டம் கூடி, 'சார், ஒண்ணு குடுங்க' என்பார்கள். கொடுக்காதீர்கள்; அன்றைக்கு ராத்திரி அது ஹார்லிக்ஸ் பாட்டிலில், குளோரின் தண்ணீரில் இருக்கும். துறையில் ஏற்கெனவே ஃபில்டர் ஓடிக்கொண்டிருக்கும் தொட்டி இருந்தால், இரண்டு மாத ஆண் ஒன்றை அங்கே விட்டுவிட்டு வாருங்கள். மற்றதைக் கொண்டுவந்த தெர்மாகோல் பெட்டியிலேயே வைத்து வீட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள். மறுநாள் காலையில் பாதித் தண்ணீர் மாற்றினால் போதும்.